சார்ட் போட்டாச்சு

ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு டைம்கீப்பர் என்றுதான் பெயர். பஸ் டிப்போ வாசலில் ஒரு கூண்டுக்குள் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த டிரைவர் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதியவர். யாருக்காகவும் ஒரு வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்ததில்லை. மனைவி இறந்த மூன்றாம் நாள் கூண்டில் போய் உட்கார்ந்தார். அதை நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

இப்போது சின்ன மகள் போய் மூன்றாம் நாள்.

மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. மாடியில் இரண்டே அறை. இரண்டிலும் காயாத துணியின் வாடை. பெரியவள் உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. தூங்குகிறவளின் தோள் அப்படி விறைத்துக்கொண்டு இருக்காது. அவள் நர்ஸ். தீவிர சிகிச்சை வார்டில் பதினாறு வருஷமாக வேலை. அங்கேயே ஏழாம் நம்பர் படுக்கையில்தான் தங்கை போனாள். அக்காவின் இரண்டு உள்ளங்கையும் தங்கையின் நெஞ்சின்மேல் அழுத்திக்கொண்டிருந்தபோதே போனாள் என்று யாரோ சொன்னார்கள். பெரியவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டைம்கீப்பர் டீ போட்டு, இரண்டு ரொட்டித் துண்டைச் சுட்டு, தட்டில் வைத்துக் கொண்டுபோனார். நேற்று வைத்த தட்டு அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இதை வைத்தார்.

"ஒரு வாய் டீயாவது குடிம்மா."

"அப்புறம் குடிக்கறேம்பா."

அப்போது போன் அடித்தது. அவள் எழுந்து, கொடியில் தொங்கிய துணிகளுக்கு நடுவே போய் நின்று பேசினாள். குரலை எவ்வளவு தாழ்த்தினாலும் இரண்டு அறை வீட்டில் எதை மறைக்க முடியும்?

"ஆமா மேடம்... தரேன் மேடம்... சர்ட்டிபிகேட் இன்னும் கைக்கு வரலை... இன்னைக்கேவா?... சரி மேடம்."

"என்னம்மா? லீவு தர மாட்டேங்கறாங்களா?"

"அஞ்சு நாள் கொடுத்திருக்காங்கப்பா. பேப்பர் கேக்கறாங்க."

"என்ன பேப்பர்?"

"நான் பாத்துக்கறேன். நீங்க இதுல தலையிடாதீங்க."

மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

என்ன பேப்பர் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. செத்தவள் உன் தங்கைதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டிருப்பார்கள். எந்த ஆபீஸும் அதைத்தான் கேட்கும். அவரே கேட்டிருப்பார். குடும்ப அட்டையைக் காட்டு என்பார்கள். அட்டையில் சின்னவள் பெயர் இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் தனக்குப் பிடித்த ஒருவனோடு போனாள். போன எட்டாம் நாள் டைம்கீப்பர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பதிவு ஆபீஸுக்குப் போய், "இவ எங்க வீட்டு ஆளு இல்லை, பேரை அடிங்க" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். யாரும் அப்படி அடிக்கச் சொல்வதில்லை. அவரவர் வீட்டுக்குள் திட்டுவார்கள், அழுவார்கள், நாலு வருஷம் கழித்துச் சேர்த்துக்கொள்வார்கள். இவருக்கு எதையும் எழுத்தில் செய்தால்தான் செய்த மாதிரி. அந்த ஆபீஸ்காரனே, "பெரியவரே, கோபத்துல பண்ணாதீங்க, ஒரு மாசம் போகட்டும்" என்று சொல்லிப் பார்த்தான். "கோபமில்லை. மானம்" என்றார் இவர். போனவன் இரண்டே வருஷத்தில் அவளை விட்டுவிட்டுப் போனான். அவள் ஒரு துணிக் கம்பெனியில் சட்டை மடித்துப் பெட்டி கட்டிப் பிழைத்தாள். இந்தப் படி ஏறவில்லை. இவரும் கூப்பிடவில்லை. பெரியவள் மட்டும் வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் தங்கையைப் பார்த்து வந்தாள். அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

அம்மா போனபோது சின்னவளுக்கு நாலு வயது, பெரியவளுக்குப் பதினாலு. தலை பின்னியதும், பல் விளக்கிவிட்டதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் பெரியவள்தான். அவர் கூண்டில் இருந்தார்.

சரி, அடித்தது நான்தானே, நானே போய் என் வாயால் சொல்லுகிறேன் என்று முடிவு செய்தார். அப்பன் நேரில் வந்து நின்று, இவள் என் மகள் என்று எழுதிக் கொடுத்தால் அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அதே மாதிரி ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து, காலர் மடங்காமல் இஸ்திரி போட்டார். பேனாவில் மை இருக்கிறதா என்று செய்தித்தாள் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டார்.

"வெளியில போயிட்டு வரேம்மா."

குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

*

ஆஸ்பத்திரி ஆபீஸ் தரைத்தளத்தில், மருந்து அறைக்கு அடுத்தாற்போல் இருந்தது. தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். கிருமிநாசினி நெடி கண்ணைக் கரித்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க், நெற்றியில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாக இருந்தார்.

"சொல்லுங்க பெரியவரே."

"லீவு விஷயமா வந்தேன். தீவிர சிகிச்சை வார்டு நர்ஸ். ஸ்டாஃப் நம்பர் நூத்திப் பதினெட்டு."

"நூத்திப் பதினெட்டா? அடடா, பாவம் அந்தப் பொண்ணு. அப்பா தவறிட்டாராமே."

டைம்கீப்பருக்கு முதலில் காதில் ஏறவில்லை.

"யாரு தவறிட்டாரு?"

"அவங்க அப்பா. இதோ பாருங்க, ஃபாரம். 'தந்தை மரணம், ஐந்து நாள்'. அவங்க கையெழுத்துதான். இறப்புச் சான்று வெக்கணும், வெக்கலை. மேடம் காலையிலயே சத்தம் போட்டாங்க. நீங்க கொண்டுவந்திருக்கீங்களா?"

பெரியவளின் எழுத்து. உருண்டையாக, சாய்வில்லாமல், அவர் சொல்லிக்கொடுத்த எழுத்து. அதில் அவர் செத்திருந்தார்.

"நீங்க யாரு, சொல்லலையே?"

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட மாற்றி எழுதாத மனிதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான்... அவரோட அண்ணன்."

"அதானே பாத்தேன். பொண்ணோட ஜாடை அப்படியே இருக்கு. தம்பியும் உங்களை மாதிரிதான் இருப்பாரா?"

"ஆமா. கிட்டத்தட்ட."

"ரொம்ப விறைப்பான ஆளுன்னு கேள்வி. கஞ்சி போட்ட காக்கி மாதிரி. இன்னொரு பொண்ணை வீட்டை விட்டுத் தள்ளினவராமே? நர்சுங்க பேசிக்குவாங்க. இருக்கும்போது அந்தப் பொண்ணுங்க பாவம், மனுஷன் போய்ச் சேந்த பிறகாவது ரெண்டு நாள் நிம்மதியா தூங்கட்டும். அந்தச் சான்றை மட்டும் இன்னைக்குள்ள கொண்டுவந்துடுங்க பெரியப்பா."

கிளார்க் நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தார். டைம்கீப்பர் ஜன்னலை விட்டு நகர்ந்தார். கால் எங்கே போகிறது என்று தெரியாமல் நடந்தார். மாடிப்படி அடியில் ஒரு கை வந்து அவர் முழங்கையைப் பிடித்தது. வார்டு இன்சார்ஜ். பெரியவளுக்கு மேலே உள்ள மூத்த நர்ஸ், தலை முக்கால்வாசி நரைத்தவள். இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"சார், நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? யாருகிட்ட பேசினீங்க?"

"கிளார்க்குகிட்ட."

"கடவுளே. யாருன்னு சொன்னீங்க?"

"எனக்கே அண்ணன்னு சொன்னேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. படியில் உட்காரச் சொன்னாள். அவர் நின்றார்.

"உக்காருங்க சார். நின்னு நின்னு என்னத்தைக் கண்டீங்க?"

உட்கார்ந்தார்.

"அவ முதல்ல 'தங்கை'ன்னுதான் எழுதினா. நான்தான் ஃபாரத்தை எடுத்துக்கிட்டு மேல போனேன். லிஸ்ட்டைக் காட்டினாங்க. புருஷன், பிள்ளை, அப்பா, அம்மா. அவ்வளவுதான். கூடப் பொறந்தது இல்லை. ஒரே குடும்ப அட்டையில இருந்தா ரெண்டு நாள் பாக்கலாம்னாங்க. அட்டையைப் பாத்தா அங்கயும் இல்லை. அப்ப நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு டூட்டின்னுட்டாங்க. தங்கச்சி உடம்பு அப்ப இன்னும் கீழ பிணவறையில இருந்தது சார். இவ டூட்டிக்கு வரணும், அதே வார்டுக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எதைச் சொல்றது? நீங்க அடிச்ச பேரை நீங்களே எழுதுங்கன்னா?" அவள் குரல் உயரவில்லை. வார்டில் பேசிப் பழகிய குரல். "துணி மாத்தற ரூம்ல உக்காந்து அந்த ஃபாரத்தைக் கிழிச்சா. வேற ஒன்னு எடுத்தா. 'அக்கா, என் வீட்டுல அட்டையில இருக்கிறது ரெண்டே பேரு, அதுல நான் ஒருத்தி'ன்னா. எழுதினா. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், தடுக்கலை. கோபப்படாதீங்க சார். அவ உங்களைப் பேப்பர்ல கொன்னுட்டான்னு நினைக்காதீங்க. பேப்பர்ல முதல்ல கொன்னது நீங்க."

ஒரு ஸ்ட்ரெச்சர் கடகடவென்று அவர்களைத் தாண்டிப் போனது. இன்சார்ஜ் கை தானாக நீண்டு அதன் ஓரத்தில் சரிந்த போர்வையை ஏற்றிவிட்டது.

"எங்க வேலை என்னன்னு தெரியுமா? ஒருத்தர் போனா குழாயெல்லாம் எடுக்கணும். உடம்பைத் துடைக்கணும். வாய் திறந்துக்காம தாடையைக் கட்டணும். சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு, தண்ணி கொடுத்து, நாற்காலி போட்டு, நல்லா அழுங்கன்னு சொல்லணும். அதை நாங்க சொல்றோம் சார், தினம். அவ தங்கச்சிக்கு அவளேதான் துடைச்சா, யாரையும் தொட விடலை. தாடையைக் கட்டினா. தலையைச் சீவிப் பின்னிவிட்டா. அப்புறம் சார்ட்டுல நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டா. அவளுக்கு யாரும் நாற்காலி போடலை. அடுத்த படுக்கைக்கு ஊசி போடற நேரம் ஆயிடுச்சு, போய்ப் போட்டா."

டைம்கீப்பருக்குச் சம்பந்தமில்லாமல் கட்டை டிரைவர் ஞாபகத்துக்கு வந்தான். குட்டையாக இருந்ததால் கட்டை. ஒருநாள் கூண்டுக்கு வெளியே வந்து நின்றான். அம்மாவின் தங்கை செத்துப்போனாள், லீவு வேண்டும் என்றான். "சித்திக்கெல்லாம் லீவு கிடையாது" என்றார் இவர். "வளத்தவ சார்" என்றான். "சார்ட் போட்டாச்சுப்பா. ஒருத்தனை மாத்தினா பன்னிரண்டு பேரை மாத்தணும்" என்றார். அவன் வண்டியை எடுத்தான். பாதி வழியில் ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதானாம், ஜனங்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்க. வண்டி நாற்பது நிமிஷம் தாமதம். நாற்பது என்று எழுதினார்.

"சான்று இன்னைக்குள்ள வேணுங்கறாங்க," என்றார் எழுந்துகொண்டே.

"ஆமா. ஒரு மாசம் டைம் வாங்கிடலாம்னு பாத்தேன். ரெண்டு பேரு காய்ச்சல்ல படுத்துட்டாங்க, மேடம் லீவு ஃபாரம் ஒன்னொன்னா தோண்டறாங்க. பொய் எழுதினது தெரிஞ்சா வேலை போறது மட்டுமில்லை சார், நர்ஸ் பதிவையே ரத்து பண்ணுவாங்க. அப்புறம் எங்கயும் வேலை செய்ய முடியாது."

"மேடம் ரூம் எது?"

"சார், வேணாம்."

"எதுன்னு கேட்டேன்."

*

நர்சிங் சூப்பரின்டென்ட் அறையில் ஒரு சுவர் முழுக்க டூட்டி சார்ட். பென்சிலால் போட்ட கட்டங்கள், கட்டத்துக்குள் நம்பர்கள். டைம்கீப்பர் உள்ளே நுழைந்ததும் கண் தானாக அங்கேதான் போனது. பழக்கம். மத்தியான ஷிஃப்டில் ஒரு கட்டம் காலி.

"மேடம், நான் நூத்திப் பதினெட்டோட அப்பா."

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். கீழே ஆபீஸுக்குப் போன் பண்ணி ஃபாரத்தை வரவழைத்தாள். அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல நீங்க இறந்துட்டீங்க."

"நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்."

அவர் வாழ்க்கையில் சொன்ன இரண்டாவது பொய். இரண்டும் ஒரே காலையில்.

"தான் செத்துட்டதா எழுதச் சொல்ற அப்பாவை நான் இப்பதான் பாக்கறேன். உக்காருங்க. யாரு உண்மையா இறந்தது?"

உட்காரவில்லை. பதினோரு வருஷமாக வாயில் வராத சொல்லைச் சொன்னார்.

"என் சின்ன மக."

"ஏழாம் பெட். தெரியும். ஆனா அட்டையில இல்லையே."

"அடிச்சது நான். எழுதிக் கொடுத்தவன் நான். தப்பு என் பேர்ல வரணும். அவ பேர்ல வரக்கூடாது. எங்க கையெழுத்துப் போடணுமோ போடறேன்."

"நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே, உங்க பேர்ல எப்படி வரும்?" அவள் கண்ணைக் கசக்கினாள். அவளும் சரியாகத் தூங்கியவள்போல் இல்லை. "பெரியவரே, ஒன்னு சொல்லவா? அட்டையில பேரு இருந்திருந்தாலும் ரெண்டு நாள்தான் கொடுத்திருப்பேன். அதுவும் நேத்தே முடிஞ்சிருக்கும். என் அம்மா போனப்ப நாலாம் நாள் நான் இதே நாற்காலியில இருந்தேன். இருபத்திரண்டு படுக்கைக்கு எனக்கு நாலு பேருதான் இருக்காங்க."

மூன்றாம் நாள் கூண்டுக்குப் போன பெருமை எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

"ரெண்டு மணி ஷிஃப்டுக்கு அவ வந்து நிக்கட்டும். இந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன், எங்கிட்ட வரவே இல்லைன்னு வெச்சுக்கறேன். இதுக்கு மேல என்னால முடியாது. ரெண்டு மணிக்கு வரலைன்னா ஃபாரம் மேல போகும்."

அவள் எழுந்து, பென்சிலை எடுத்து, காலிக் கட்டத்தில் 118 என்று எழுதினாள். டைம்கீப்பர் கட்டத்தின் தலைப்பைப் பார்த்தார். படுக்கை ஐந்து முதல் எட்டு.

"மேடம், அந்தப் படுக்கைங்க வேணாம். வேற எதையாவது கொடுங்க. ஏழு மட்டும் வேணாம்."

"சார்ட் போட்டாச்சு பெரியவரே. ஒருத்தரை மாத்தினா எல்லாரையும் மாத்தணும்."

அவள் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அவரும் அந்தக் காலத்தில் கடுமையாகச் சொன்னதில்லை.

*

வீடு வந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. ஒன்று பத்துக்கு பஸ். அதை விட்டால் அடுத்தது ஒன்று ஐம்பது, இரண்டு மணிக்குப் போய்ச் சேராது.

வெயில் லேசாக எட்டிப்பார்த்திருந்தது. உள் அறைக்குள் போனவர் நிலையிலேயே நின்றார். பெரியவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்து அல்ல, மல்லாந்து, வாய் சற்றே திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க. டீக் கோப்பை காலியாக இருந்தது. ரொட்டியிலும் ஒரு துண்டைக் காணோம்.

எழுப்ப வேண்டும். கூண்டில் இருந்த காலத்தில் ஓய்வறையில் படுத்திருக்கும் டிரைவர்களை அவர்தான் எழுப்புவார். ஒரே தட்டு, "வண்டி நேரம்" என்று ஒரே சொல். பக்கத்தில் போனார். கை நீண்டது. திரும்பி வந்தது. யூனிஃபார்மை எடுத்துப் பார்த்தார். மடித்தே இருந்தது. இருந்தும் இஸ்திரி போட்டார். மெதுவாகப் போட்டார். பன்னிரண்டு ஐம்பது. தொங்கிய கையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். விரல் நுனிகள் மருந்தும் சோப்பும் பட்டு வெடித்திருந்தன. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் பார்த்ததில்லை. பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

"அம்மா. எழுந்திரும்மா."

"சின்னு, சும்மா இரு... அக்காவுக்குத் தூக்கம் வருது," என்றாள் கண்ணைத் திறக்காமலே.

சின்னவளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அப்பாம்மா. டூட்டிக்கு நேரமாச்சு."

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், கதவில் தொங்கிய யூனிஃபார்மைப் பார்த்தாள்.

"போயிட்டு வந்தீங்களா?"

"போயிட்டு வந்தேன்."

"உயிரோட இருக்கீங்கன்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா. ரெண்டு மணிக்குப் போயிட்டா ஃபாரத்தைக் கிழிச்சிடுவாங்க. வேலைக்கு ஒன்னும் வராது."

"சரி."

அவ்வளவுதான். எழுந்து முகம் கழுவினாள். உடை மாற்றினாள். கண்ணாடி முன் நின்று கொண்டை போட்டாள். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவ யாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. என் மகதான்னு சொன்னேன்."

ஊசி பல்லிலேயே இருந்தது. பிறகு அதை எடுத்துக் கொண்டையில் செருகினாள்.

"எந்த பெட்டுப்பா?"

"பாக்கலைம்மா."

"நீங்க சார்ட்டைப் பாக்காம வந்திருக்க மாட்டீங்க."

அவர் செருப்பை மாட்டினார். "அஞ்சுலேந்து எட்டு," என்றார் தரையைப் பார்த்து.

தெருமுனை ஸ்டாப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பஸ் சரியாக ஒன்று பத்துக்கு வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். டைம்கீப்பர் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பிப் பார்த்தார். பெரியவள் பத்தடி பின்னால் நின்றுவிட்டிருந்தாள். நடு ரோட்டில், வெள்ளை யூனிஃபார்மோடு, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை அவர் இதற்குமுன் கேட்டதில்லை.

"ஏறுங்க பெரியவரே," என்றான் டிரைவர். சின்ன வயசுக்காரன். வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

அவர் காலை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்பா. என் சின்ன மக செத்துப்போயிட்டா. அவ அக்கா அழறா. ஒரு நிமிஷம்."

டிரைவர் ரோட்டைப் பார்த்தான். பிறகு கையைத் திருப்பி மணியைப் பார்த்தான். அந்தப் பார்வை எதற்கென்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"டைம் எழுதுவாங்க பெரியவரே. நான் என்ன பண்ணட்டும்?"

"தெரியும்பா," என்றார் டைம்கீப்பர். கம்பியை விடவில்லை. "எழுதட்டும்."